ஏழாம் நம்பர் குளிர்

மே 6

இன்று பாலைக் காய்ச்சவில்லை, உடைத்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த பாக்கெட் செங்கல் மாதிரி இருந்தது. குழவியால் நாலு போடு போட்டுப் பாத்திரத்தில் தள்ளி அடுப்பில் ஏற்றினேன். தோசை மாவும் கல். கை கால் ஒடிந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் மாவுக்கட்டு இலவசம். ஒரு முட்டை தானாகவே வெடித்திருந்தது. தக்காளி ஒன்று கைதவறி விழுந்தது, தரைக்குத்தான் வலித்திருக்கும்.

பழைய ஃப்ரிட்ஜ். ஒரே கதவு, மேலே ஃப்ரீசர், கீழே தட்டுகள். ஃப்ரீசரில் ஐஸ் கட்டினால் நியாயம். கீழ்த் தட்டுவரைக்கும் கட்டினால் அதற்குப் பேர் குளிர்சாதனப் பெட்டி இல்லை, குளிர்சோதனைப் பெட்டி.

அப்பாவுக்கு போன் போட்டேன். கன்டெய்னர் லாரியில் ஓசூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"எப்பா, ஃப்ரிட்ஜு ரொம்பக் குளிருது."

"ஃப்ரிட்ஜுன்னா குளிரத்தாம்ல செய்யும்."

"கொத்தமல்லி கண்ணாடி மாதிரி உடையுதுப்பா."

"நீ என்னல பண்ணுன?"

இதுதான் என் நிலைமை. பேர் ஐகோர்ட்துரை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அது சாமி பேர். பேரில் ஐகோர்ட் இருந்து என்ன, நான் நிற்பது எப்போதும் குற்றவாளிக் கூண்டில். ஒரு தடவை அந்த ஃப்ரிட்ஜ் கதவில் 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று எழுதி ஒட்டி அப்பா நம்பரையும் போட்டு, அதைப் போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் எது கெட்டாலும் நான்தான்.

மே 7

பிளஸ் ஒன் முடிந்து லீவு. லீவு எனக்குத்தான் விட்டார்கள் என்று நினைத்திருந்தேன். வீட்டு வேலைக்கு விட்டிருக்கிறார்கள்.

காலையில் தண்ணீர் பிடித்தேன். துணி அலசினேன். சோறு குழைந்துவிட்டது. 'பொங்கல்' என்று பேர் மாற்றிப் பரிமாறினேன். அம்மா சிரிக்கவில்லை. பாதி தட்டில் அப்படியே தூங்கிவிட்டாள்.

அம்மா காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நான் பிறந்ததில் இருந்து அவளுக்கு இறால் கம்பெனியில் வேலை. ஐஸ் மேல் கொட்டின இறாலைத் தரம் பிரித்துக்கொண்டு நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில் நிற்பாள். பூட்ஸ் உரசி இடது கால் சுண்டுவிரலில் புண். ஆறவில்லையே என்று காட்டப் போனபோதுதான் சுகர் இருப்பதே தெரிந்தது. இப்போது காலையும் சாயங்காலமும் இன்சுலின். அவளே வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். நான் அந்த நேரம் சுவரைப் பார்ப்பேன்.

டாக்டர் சொன்னது: "சுகர் இறங்கினாத்தான் புண் ஆறும். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லன்னா விரலை எடுத்துரணும். அப்படியே விட்டா காலுக்கு ஏறும்." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். அம்மாவும் "சரிங்க சார்" என்றாள், பஸ்ஸைப் பிடித்துவிடுகிறவள் மாதிரி.

மே 9

ஃப்ரிட்ஜ் வைத்தியம்.

சுவரை ஒட்டி இருந்ததை முன்னால் இழுத்தேன். பின்பக்கம் ஒட்டடையும், காணாமல் போன என் ஒரு சாக்ஸும். கதவு ரப்பரில் காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் பிடிக்கிறது. சாமான் குறைவாக இருந்தால் குளிர் கூடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலாக அடுக்கினேன். சாயங்காலம் எல்லாம் ஐஸ் பாட்டில்.

உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கிறது. அதில் நம்பர் எல்லாம் அழிந்து மொட்டையாக இருக்கிறது. இடது பக்கம் திருப்பினேன். ஐஸ். வலது பக்கம் திருப்பினேன். ஐஸ். வீட்டில் எல்லாமே ஆறிப் போய்க் கிடக்கிறது, புண்ணைத் தவிர.

மே 11

சுகர் இறங்கவில்லை. போன தடவையைவிட ஏறியிருக்கிறது. டாக்டர் மருந்து அளவைக் கூட்டினார்.

"வீட்டுல என்னத்தம்மா திங்கீங்க?"

"சோறு கூடக் கால்வயிறுதான் சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "எம்மா, மக்ரூன் தின்னியா?" பொன்கனி சித்தி போன வாரம், அப்பா லாரி ஏறுவதற்கு முந்தின நாள், அம்மாவைப் பார்க்க வந்தாள். சுகர் வந்தவளைப் பார்க்க ஒரு டப்பா நிறைய முந்திரி மக்ரூன், பாதிக்குப் பாதி சீனி. வந்த அன்று நிறைய இருந்தது, இப்போது பாதி.

"தொடக்கூட இல்லல."

"சாமி சத்தியமா?"

"உன் பேருல சத்தியம் பண்ணுனா ரெண்டும் ஒண்ணுதான" என்றாள். நல்ல பதில். ஆனால் குற்றவாளிகள்தான் நல்ல பதிலாகச் சொல்வார்கள். அம்மா குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மே 13

அப்பா வந்துவிட்டார். கையோடு செல்வின் என்ற மெக்கானிக்கையும் கூட்டி வந்தார். ரெண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள், அதாவது ஒன்றாக ஃபெயில் ஆனவர்கள். செல்வின் அண்ணாச்சி ஃப்ரிட்ஜில் காதை வைத்துக் கேட்டார்.

"நிக்காம ஓடுது மாப்ள. தெர்மோஸ்டாட் போச்சு."

புதுசு மாட்டினார். திருகும் புதுசு. ஒன்றிலிருந்து ஏழுவரை பளிச்சென்று நம்பர். ஏழுதான் ரொம்பக் குளிர். "மூணுல கிடக்கட்டும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

மே 14

பால், கல். நம்பர், ஏழு.

அப்பா: "ஃப்ரிட்ஜைக் கெடுத்தது யாருல?"

"நான் கெடுக்கல."

"ஏட்டி, நீயா?"

"நான் ஏன் கெடுக்கேன்?" என்றாள் அம்மா.

"அப்ப நானா?" என்றார் அப்பா. அந்தக் கேள்வியை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

செல்வின் அண்ணாச்சி போனில் கத்தியது கூடத்துக்கே கேட்டது. "உன் மவனைக் கட்டி வைல. மெஷினுக்கு ஒரு நோயும் இல்ல."

மே 15

மூன்றில் வைத்தேன். காலையில் ஏழு.

அப்பாவாகத்தான் இருக்கும். தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்தால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கும்.

அம்மா இன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றாள். கட்டுப் பிரித்துத் துடைத்தேன். விரல் நுனி கத்திரிக்காய்க் கலரில் இருக்கிறது. நான் "ஒண்ணும் இல்லம்மா, நேத்து மாதிரிதான்" என்றேன். நேற்று இப்படி இல்லை.

மே 16

தொழிலுக்குத் திரும்பினேன். சலவை நீலத்தைப் பொடியாக வாங்கி, மக்ரூன் டப்பா மூடியின் உள்பக்கம் தடவி வைத்தேன். மெல்லிசாகத் தடவின உலர்ந்த நீலம் சட்டென்று கண்ணில் படாது. ஈரக் கை பட்டால் தெரியும். வாய் பட்டால் ரொம்ப நன்றாகத் தெரியும்.

அம்மா கையும் களவுமாக மாட்டினால் டாக்டரிடம் சொல்லிவிடலாம். அதற்காகத்தான். விளையாட்டுக்கு இல்லை.

மே 17

அப்பா மீசை நீலம்.

"என்னப்பா இது?"

"பேனா மை."

"மீசையாலயா கையெழுத்துப் போட்டீங்க?"

அம்மா கட்டிலில் இருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். அவள் கை ரெண்டும் சுத்தமாக இருந்தன. நகக்கண்கூட வெள்ளை. அப்பா துண்டால் துடைக்கத் துடைக்க நீலம் கன்னம்வரை போனது. "லாரியில தூக்கம் வராம இருக்க ஒண்ணு ரெண்டு எடுத்தேன்" என்றார். அரை டப்பா தூக்கம் வராமல் ஓட்டியிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தோம். அப்புறம் நான் கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா தின்னவில்லை. சத்தியமாகவே தின்னவில்லை. கால்வயிறுச் சோற்றில் இருக்கிறவளுக்குச் சுகர் எப்படி ஏறுகிறது?

மே 19

அப்பா நேற்றே லாரி ஏறிவிட்டார். ராத்திரி மூன்றில் வைத்தேன். காலையில் ஏழு.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் இல்லை. இதற்கு ஐகோர்ட் தேவையில்லை, ஒன்றாம் வகுப்புக் கணக்கு போதும்.

"எம்மா. ஏழுல வச்சது நீயா?"

"ஆமா."

"அன்னைக்கு இல்லன்ன?"

"நீங்க என்ன கேட்டீங்க? கெடுத்தது யாருன்னு கேட்டீங்க. நான் எதையும் கெடுக்கல. கெடாம இருக்கத்தான் கூட்டி வச்சேன்."

"எது கெடாம?"

"மருந்துல. குளிர்லயே இருக்கணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. நீ ஒருநாள் மூணுங்க, ஒருநாள் ரெண்டுங்க. எங்க கம்பெனியில குளிர் ஒரு புள்ளி இறங்கட்டும், மொத்தச் சரக்கும் போச்சு. நான் பாக்காததா?"

எழுந்து நொண்டிக்கொண்டு வந்து காட்டினாள். ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கிறதே, அதில் கடைசியில், ஐஸுக்குள் புதைத்த மாதிரி மருந்துக் குப்பி. ஃப்ரிட்ஜிலேயே அதுதான் குளிர் ஜாஸ்தியான இடம் என்று கையை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஐஸா இருக்கே, எப்படிப் போடுவ?"

"விடிய முன்ன எடுத்து அடுப்பு மேடையில வச்சிருவேன். தணிஞ்சிரும். இறாலு தணிய வைக்கதில்லையா, அந்த மாதிரிதான்."

பாவம், எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இனிமேல் எடுத்து வைக்கிற வேலையை நானே செய்கிறேன் என்றும் சொன்னேன்.

மே 20

கட்டுத்துணி வாங்க மெடிக்கலுக்குப் போனேன். அங்கே ஹெப்சிபா அக்கா இருப்பாள். என் மொக்கைக்குச் சிரிக்கிற ஒரே வாடிக்கை. வாடிக்கை நான்தான் என்றாலும்.

"அக்கா, எங்க வீட்டுல இன்சுலின் ஐஸ்ல கிடக்கு. எங்கம்மா அதைக் குச்சி மட்டும் செருகாத குச்சி ஐஸ் ஆக்கிட்டா."

அவள் சிரிக்கவில்லை. "ஐஸ்னா? கட்டியாவா?"

"கட்டிதான். தணிய வச்சுப் போடுதா."

"எத்தனை நாளால?"

"ஆரம்பத்துல இருந்தே."

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உறைஞ்சிட்டா அதுல மருந்து செத்துரும்ப்பா. தணிஞ்சாலும் தண்ணிதான். தூக்கிப் போடு."

புதுக் குப்பி கொடுத்தாள். கதவுப் பக்கத்துத் தட்டில் வைக்கச் சொன்னாள். கடையைவிட்டு இறங்கினவனைத் திரும்பக் கூப்பிட்டாள். "ஏல, கேளு. டாக்டர் அளவைக் கூட்டிருப்பாருல்லா? அதே அளவுல இதைப் போட்டுராதீங்க. இது உசுரோட இருக்க மருந்து. சுகர் படார்னு இறங்கி மயக்கம் போட்ருவா. முதல்ல டாக்டரப் பாரு, நடந்ததச் சொல்லு."

அப்படியானால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அம்மா முன்னால். 'நீ மருந்து என்று நினைத்துத் தண்ணீரைப் போட்டுக்கொண்டாய், கெடாமல் இருக்க வைத்ததுதான் கெடுத்தது' என்று.

வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். டயரில் காற்று இருந்தது.

மே 21

டாக்டர் கேட்டார். "உறைஞ்சு போச்சா? எப்படி?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார். ஃப்ரிட்ஜு நம்பரைத் திருகித் திருகி விளையாண்டேன். ஏழுல வச்சிட்டேன்."

இந்த ஊரில் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும் சாட்சி தேவையில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். எத்தனாவது படிக்கிறாய், புத்தி இருக்கிறதா, அம்மா கால் என்ன உனக்குப் பம்பரமா என்று வரிசையாகக் கேட்டார். லாரியில் இருந்தபடி என் போனில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா லைனைத் துண்டித்துவிட்டார்.

மருந்தை முதல் அளவுக்கே இறக்கி எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். துறைமுக ரோடு தாண்டினதும் கேட்டாள்.

"ஏம்ல அப்படிச் சொன்ன?"

"எப்படியும் நம்பிருவாங்கல்லா. சுலபமா முடிஞ்சிச்சு."

கொஞ்ச தூரம் போனது.

"கெடாம இருக்கணும்னுதாம்ல வச்சேன்."

"தெரியும்மா."

மே 24

சுகர் இறங்குகிறது. அம்மா இன்று ரெண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள், நான் கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மூன்றில் இருக்கிறது. பால், பாலாக இருக்கிறது.

அப்பா வந்திருக்கிறார். என்னிடம் பேசுவதில்லை.

மே 30

சுகர் சரி. வீக்கமும் வற்றிவிட்டது. ஆனால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது.

டாக்டர் கம்பியால் தட்டிப் பார்த்தார். "காலுக்குப் பயம் இல்ல. இந்த விரல் மட்டும் போகும். ரெண்டு வாரம் முந்தி இறங்கியிருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பாவும் பார்த்தார்.

விரலை வைத்து எத்தனையோ சொல்லலாம். ஒன்றும் வரவில்லை.

ஜூன் 2

எடுத்தாச்சு.

ஜூன் 3

ஆஸ்பத்திரி. அப்பா எனக்கு இட்லி வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சட்னி ஊசியிருந்தது. தின்றேன்.

ஜூன் 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா முழு நாளும் தூங்கினாள். நானும். பக்கத்து வீட்டில் இருந்து யாரோ சோறு கொடுத்துவிட்டார்கள், பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது. நாளைக்குக் கழுவலாம்.

ஜூன் 8

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பொன்கனி சித்தி, சித்தப்பா, அப்பாவின் ரெண்டு சித்தப்பா மக்கள். இந்தத் தடவை சித்தி ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தாள். கட்டைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவன்தான அந்த ஃப்ரிட்ஜுல விளையாண்டவன். பெத்தவ விரலயே எடுக்க வச்சிட்டானே. வீட்டுக்குள்ளயே இப்படி ஒண்ண வளத்து வச்சிருக்கியக்கா."

சித்தப்பா, "விடுட்டி, சின்னப்பய" என்றார்.

"சின்னப்பயலா? மீசை வந்துட்டு. நாளைக்கு இவன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த விரலுல்லா ஞாபகம் வரும்."

அப்பா சுவரோரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அது சரிதான், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தட்டு எடுக்கிற சாக்கில் அடுக்களைப் பக்கம் நகர்ந்தேன்.

"நில்லுல" என்றாள் அம்மா.

தலையணையைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

"அவன் தொடல. நான்தான் ஏழுல வச்சேன். தினமும். அவன் குறைக்கக் குறைக்க நான் கூட்டுனேன். மருந்தக் கொண்டுபோய் ஐஸுல புதைச்சதும் நான்தான். டாக்டர்கிட்ட நான் வாயத் திறக்கும்முன்ன இவன் முந்திக்கிட்டான். நானும் சும்ம இருந்துட்டேன்."

"என்னக்கா சொல்லுத?"

"நடந்ததத்தான் சொல்லுதேன். என் விரலக் கெடுத்தது நான். வேற யார் பேரும் அதுல வரக் கூடாது."

அப்பா என் பக்கம் வந்தார். என் தோளில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவருக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. "லாரிக்கு நேரமாச்சு" என்றார். லாரி நாளைக்குத்தான்.

சித்தி ஆரஞ்சை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் பயலுக்குக் கொஞ்சம் துடுக்கு ஜாஸ்திதான்" என்றாள்.

"எல்லாருக்கும் காப்பி போடுல" என்றாள் அம்மா.

போட்டேன். ஆறு டம்ளர். அம்மாவுக்கு மட்டும் சீனி இல்லாமல். மற்றவர்களுக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன் சீனி. சித்தி டம்ளரில் மட்டும் ரெண்டு ஸ்பூன் உப்பு. நிமிர்ந்தால் அம்மா கட்டிலில் இருந்து, திறந்திருந்த கதவு வழியாக, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் கலக்கி, நுரை வர ஆற்றி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சித்தி ஒரு வாய் குடித்தாள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அம்மாதான் கேட்டாள், ரொம்ப அக்கறையாக: "காப்பி நல்லாருக்காட்டி?"